முயற்சியுடன் கூடிய மரணம்

அந்த ஆஸ்பத்திரியில் யாரும் சும்மா சாக முடியாது. சாவதற்குத் தடையொன்றும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு முயற்சி நடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முயற்சி நடக்காமல் ஒருவர் போய்ச் சேர்ந்தால் அது ‘முயற்சியற்ற மரணம்’. பணியில் இருந்தவர்களிடம் விளக்கம் கேட்பார்கள். நெஞ்சை அமுக்கி, தொண்டையில் குழாய் இறக்கி, மின்சாரம் வைத்து, அதற்குப் பிறகு போனால் அது ‘முயற்சியுடன் கூடிய மரணம்’. அதற்குப் பாராட்டு உண்டு. மரணத்தை இப்படி இரண்டாகப் பிரித்தவர் டீன். அவர் வருவதற்கு முன்னால் அங்கே ஒரே ஒரு வகை மரணம்தான் இருந்ததாம். அதை வைத்துக்கொண்டு எப்படித்தான் காலம் தள்ளினார்களோ.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஆண் நர்ஸாக வேலை பார்த்தவனை நோயாளிகளும் டாக்டர்களும் ‘பிரதர்’ என்பார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் ‘புஜம்’ என்பார்கள். படிக்கிற காலத்தில் பளு தூக்கிய தோள்கள். நெஞ்சை அமுக்குவது பார்ப்பதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் கை மரத்து முதுகு கழன்றுபோவது தெரியும். மற்றவர்கள் சீக்கிரமே ஆள் மாற்றிக்கொள்வார்கள். புஜம் மட்டும் தாளம் தப்பாமல் அமுக்கிக்கொண்டே இருப்பான். அதனால் எந்த மூலையில் யாருக்கு மூச்சு நின்றாலும், “புஜத்தைக் கூப்பிடு” என்றுதான் முதல் குரல் எழும்.

ஆரம்பத்தில் அவனுக்கு இதில் பெருமைதான். சேர்ந்த புதிதில், கடைத்தெருவில் சுருண்டு விழுந்த தச்சர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வேலை செய்கிற வயது, முந்தின நிமிஷம்வரை நன்றாக இருந்த ஆள். புஜம் அமுக்கினான். தச்சர் இருமிக்கொண்டு எழுந்து, தன் உளி எங்கே என்று கேட்டார். அப்புறம் ஒருநாள் குடும்பத்தோடு வந்து ஒரு முக்காலியைக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த வேலைக்குப் படித்தது இதற்காகத்தான் என்று புஜம் மனைவியிடம் சொன்னான்.

பிறகு டீன் வந்தார்.

திங்கட்கிழமைதோறும் கூட்டம். மேடையில் நெஞ்சை அமுக்கிப் பழகுகிற ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்கவைத்து, அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு டீன் பேசுவார்.

“நண்பர்களே, மரணம் என்பது ஒரு நோய் அல்ல. நம்முடைய மெத்தனத்தின் மறுபெயர். நேற்று வந்த அம்மையாருக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது என்கிறீர்கள். நான் கேட்கிறேன், இதயத்துக்கு வயது தெரியுமா?”

தெரியும் என்பது இதயநோய் நிபுணருக்குத் தெரியும். அவர் தன் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் பொறுப்பேற்றதிலிருந்து ஒரு நோயாளியின் நெஞ்சில்கூடக் கை வைத்ததில்லை. ஆனாலும் நம் முயற்சி விகிதம் எங்கோ போய்விட்டது. தலைமை என்றால் இதுதான். பிழைத்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். முயன்றோமா என்று கேளுங்கள்!”

கைதட்டினார்கள். பொம்மை மட்டும் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தது.

அதன் பிறகு அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்ததையெல்லாம் சொன்னால் கட்டுக்கதை என்பார்கள். ஒருநாள் காலையில் ஒரு குடோன் வாட்ச்மேனைக் கொண்டுவந்தார்கள். ராத்திரியே உயிர் போய், உடம்பு விறைத்து, ஒரு கை யாரையோ கூப்பிடுவதுபோல மேலே தூக்கி நின்றுவிட்டது. மகன் கும்பிட்டுச் சொன்னான்.

“அப்பா எப்பவோ போயிட்டாருங்க. சர்ட்டிபிகேட்டுக்காகத்தான் கொண்டாந்தோம்.”

“முயற்சி இல்லாம சர்ட்டிபிகேட் தர முடியாதுங்க” என்றார் பணியில் இருந்த இளம் டாக்டர்.

“செத்தவருக்கு என்ன சார் முயற்சி?”

“அதை முயற்சி பண்ணிட்டுத்தான் சொல்ல முடியும்.”

புஜம் ஏறி நின்று அமுக்கினான். தூக்கிய கை ஒவ்வொரு அமுக்கலுக்கும் அவன் கன்னத்தில் இடித்தது. கடைசியில் மகனே வந்து அப்பாவின் கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டான். முயற்சியின் முடிவில், வாட்ச்மேன் இறந்துவிட்டார் என்று முறைப்படி தெரியவந்தது.

இன்னொரு நாள் மத்தியானம், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் சாப்பிட்ட அசதியில் ஒரு ஸ்ட்ரெச்சர்மேலேயே கண்ணயர்ந்துவிட்டார். ‘யோசித்து நேரத்தை வீணாக்காதே’ என்று சுவரில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வந்த பயிற்சி டாக்டர் ஒருவர், யோசிக்காமல் அவர் நெஞ்சில் ஏறிவிட்டார். தள்ளுகிறவர் அலறிக்கொண்டு எழுந்து, பயிற்சி டாக்டரின் பரம்பரையை மூன்று தலைமுறைவரை விசாரித்தார். அந்த மாதத்து அறிக்கையில் வெற்றி என்ற பத்தியில் அது ஒன்றுதான் இருந்தது. டீன் நேரில் வந்து தள்ளுகிறவருக்குப் பூங்கொத்து கொடுத்தார். மறுபிறவி எடுத்தவர் விலா எலும்பு வலிக்கிறது என்று லீவு கேட்டபோது, பிழைத்தவருக்கு லீவு எதற்கு என்று மறுத்துவிட்டார்கள்.

புஜம் வீட்டில் காலையில் மனைவி முணுமுணுப்பாள்.

“தூக்கத்துல என் தோளைப் போட்டு அமுக்கிட்டே இருக்கீங்க. நான் உயிரோடதான் இருக்கேன். ஒருதடவை கேட்டுட்டாவது அமுக்குங்க.”

அவன் சிரிப்பான். சிரித்துவிட்டு, கைகளைத் துண்டுக்கடியில் மறைத்துக்கொள்வான்.

கண்டக்டர் அங்கே வந்துபோக ஆரம்பித்தது அப்போதுதான். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நுரையீரலில் தொடங்கி எலும்புக்குள் இறங்கிவிட்ட புற்றுநோய். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பார்த்த இடத்திலெல்லாம் சொல்லிவிட்டார்கள். வலி தாங்க முடியாத நாட்களில் வந்து ஊசி போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டுப் போவார். கூடவே அவர் மனைவி, மூக்குக்கண்ணாடி போட்ட ஒடிசலான அம்மா, ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு வருவார். ஆஸ்பத்திரித் தலையணை கண்டக்டருக்கு ஆகாது. வார்டில் கூட்டம் நெரிந்தால் படுத்தபடியே அவர் குரல் கொடுப்பார்: “உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி எடம் காலியாத்தான் இருக்கு!” வலியில் கிடக்கிறவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

ஒருமுறை அவர் படுத்திருந்த கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் ஒரு வயதான அம்மாவுக்கு முயற்சி நடந்தது. திரைத் துணிக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் சத்தம் கேட்குமே. எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிகிறமாதிரிதான் இருக்கும். முடிந்து கை கழுவிவிட்டு வந்த புஜத்தைக் கண்டக்டர் கூப்பிட்டார்.

“தம்பி, இப்படி உக்காருங்க. இப்ப அந்தம்மாவுக்குச் செஞ்சீங்களே, அது எனக்கு வேணாம்.”

“அது… எல்லாருக்கும் செய்யச் சொல்லி உத்தரவுங்க.”

“காலம் பூரா விசில் அடிச்சவன் சொல்றேன். இறங்குற எடம் வந்தா பதமா இறக்கி விட்டுடணும். ஸ்டாப்பைத் தாண்டி இழுத்துட்டுப் போயி, கீழ தள்ளிவிடக் கூடாது. பயணிக்கும் அசிங்கம், வண்டிக்கும் அசிங்கம்.”

புஜம் போய் டாக்டரம்மாவை அழைத்துவந்தான். அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை அவர்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசுகிற ஒரே டாக்டர் என்று அந்தக் கட்டடம் முழுக்கப் பெயர் வாங்கியவர். அன்றும் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கண்டக்டரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

“ஐயா, நான் வார்த்தை தர்றேன். உங்க நேரம் வரும்போது திரையை இழுத்துவிட்டுட்டு வலிக்கு மட்டும் மருந்து கொடுப்போம். அம்மா பக்கத்துல இருப்பாங்க. உங்க நெஞ்சுல யாரும் கை வைக்க மாட்டாங்க.”

“எழுதிக் கையெழுத்து எதுவும் போடணுமா டாக்டரம்மா?” என்று கேட்டார் கண்டக்டரின் மனைவி.

“எழுத்துல போட்டா அது டீன் ஆபீசுக்குப் போகும்மா. அங்கேருந்து நூறு கேள்வி வரும். என் வார்த்தை இருக்குல்ல? பிரதரும் இருக்காரே.”

கண்டக்டர் புஜத்தைப் பார்த்தார்.

“இருப்பீங்கள்ல தம்பி?”

“இருப்பேங்க. கவலைப்படாம இருங்க.”

அன்றைக்குக் கண்டக்டர் தெம்பாக எழுந்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வெளியே போனார். பல மாதங்களுக்குப் பிறகு புஜம் நிம்மதியாகத் தூங்கினான். மனைவி அவனுக்கு முன்னால் எழுந்து, காய்ச்சல் ஏதாவது இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

முயற்சித் தரத்துக்காகத் தங்கச் சான்று கொடுக்கிற குழு வந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. குழுவை வரவேற்கச் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். நோயாளிகளின் உறவினர்களை மாடிப்படிக்கு அடியில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் செடித்தொட்டிகளை வைத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. காலையிலிருந்து யாரும் சாகவில்லை.

டீன் தவித்துப்போனார். குழுவினருக்கு இரண்டாவது முறையாகக் காப்பி கொடுத்தாகிவிட்டது. “என்ன நிர்வாகம் இது? முக்கியமான நாளில் ஒரு கேஸ்கூட இல்லையா?” என்று டாக்டரம்மாவிடம் பல்லைக் கடித்தார். மற்ற வார்டுகளில் யாராவது சந்தேகத்துக்கு இடமாக இருக்கிறார்களா என்று பார்த்துவர ஆள் அனுப்பினார். போனவர் திரும்பிவந்து, எல்லோரும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாடகைக் காரில் கண்டக்டர் வந்து இறங்கினார்.

பார்த்த உடனே புஜத்துக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். சொந்தத் தலையணையை மனைவி தலைக்கடியில் வைத்தார். டாக்டரம்மா தன் கையாலேயே வலி மருந்தை ஏற்றினார், தன் கையாலேயே திரையை இழுத்துவிட்டார். சொன்னபடியே எல்லாம் நடந்தது. கண்டக்டரின் முகத்தில் சுருக்கம் தளர்ந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. மனைவி அவர் காதருகே ஏதோ வீட்டு விஷயம் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய ஆள் வந்துபோனதைப் பற்றி. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருமென்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

மானிட்டரில் கோடு நேரானது. புஜம் கையை நீட்டி மானிட்டரின் சத்தத்தை நிறுத்தப்போனான். அதற்குள் அது ஒருமுறை நீளமாகக் கூவிவிட்டது.

திரை விலகியது. டீன் நின்றிருந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

“வாருங்கள், வாருங்கள்! இதைத்தான் உங்களுக்குக் காட்ட நினைத்தேன்” என்றார் பின்னால் திரும்பி. குழுவினர் கழுத்தில் அட்டையும் கையில் பேனாவுமாகக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

“ஏன் யாரும் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார்கள்?” என்று கேட்டார் குழுவின் தலைவி.

டாக்டரம்மா வாயைத் திறந்தார். “சார், இவர் புற்றுநோய் முற்றின நோயாளி. இவருக்கு நாங்க…”

“நாங்கள் என்ன?” என்றார் டீன், புன்னகை மாறாமல். “நாங்கள் முயலப்போகிறோம். அப்படித்தானே?”

டாக்டரம்மா கண்டக்டரைப் பார்த்தார். டீனைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், வழக்கத்தைவிட மெல்லிய குரலில், “ஆரம்பிங்க பிரதர்” என்றார்.

“டாக்டர்…”

“ஆரம்பிங்க.”

“டாக்டரம்மா, நீங்க சொன்னீங்களே” என்றார் கண்டக்டரின் மனைவி. சத்தம் போடவில்லை. நினைவுபடுத்தினால் போதும் என்பதுபோலத்தான் சொன்னார். “அன்னிக்கு இவரு கையைப் பிடிச்சுச் சொன்னீங்களே. தம்பி, நீங்களும்தானே இருந்தீங்க…”

“அம்மாவை வெளியே உட்கார வையுங்கள். குடும்பத்தாரின் மனநிலையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்” என்று டீன் குழுவினருக்கு விளக்கினார். யாரோ அந்த அம்மாவின் தோளைப் பிடித்து அழைத்துப் போனார்கள். போகும்போது அவர் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. புஜத்தைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

தலைக்கடியில் இருந்த தலையணையை உருவிவிட்டு, புஜம் கைகளை வைத்தான்.

அந்த நெஞ்சில் தசை என்று ஒன்றும் இல்லை. முதல் அமுக்கலிலேயே எலும்பு விட்டுக்கொடுத்தது. இரண்டாவதில் கண்டக்டரின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உள்ளே தங்கிய காற்றுதான் அப்படி வரும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. புஜமும் அதைப் படித்துத் தேறியவன்தான். கண்களை இறுக மூடிக்கொண்டான். கைகளுக்கு வழி தெரியும். அவை பாட்டுக்கு இறங்கி ஏறின. நிறுத்து என்று யாராவது சொல்வார்கள் என்று அவன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். காதில் விழுந்ததெல்லாம் இதுதான்:

“தாளம் பாருங்கள், தாளம்!” என்றார் டீன்.

“ஆழமும் திருப்தியாக இருக்கிறது” என்றார் குழுவில் ஒருவர்.

“இவர் எவ்வளவு நேரம் இப்படிச் செய்வார்?”

“நீங்கள் எழுதி முடிக்கும்வரை” என்றார் டீன்.

அப்படியே நடந்தது. குழுவின் தலைவி பேனாவை மூடியபோதுதான் டாக்டரம்மா, “போதும்” என்றார்.

அன்று சாயங்காலம் மாடிப்படித் திருப்பத்தில் டாக்டரம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். புஜம் தாண்டிப் போகப் பார்த்தான். அவர் விடவில்லை.

“எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு பிரதர்? டீன் எதிர்ல நான் என்ன பண்ண முடியும்?”

“வேணாம்னு சொல்லியிருக்கலாம் டாக்டர்.”

“நீங்க கையை எடுத்திருக்கலாமே.”

புஜம் படியில் இறங்க ஆரம்பித்தான். டாக்டரம்மா பின்னாலிருந்து சொன்னார்: “கீழ மையம் ஒண்ணு திறந்திருக்காங்கல்ல, அங்க போய்ப் பேசுங்க. உள்ளேயே வெச்சுக்காதீங்க. நானும் போனேன்.”

‘மனச்சுமை இறக்கும் மையம்’ என்பது, முன்பு உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை. ஊழியர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போனதை டீன் ஆராய்ந்து, அவர்களுக்கு மனம் என்று ஒன்று இருப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, அதற்காகத் திறந்தது. ‘பேசுங்கள், பேசிவிட்டுப் பணிக்குத் திரும்புங்கள்’ என்று வாசலில் எழுதியிருந்தது. நாற்காலிகள் சில இன்னும் மூலையில் கிடந்தன.

ஆலோசகர் இளம்பெண். புன்னகையோடு அவன் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, மனசு பாரமாக இருக்கும்போதெல்லாம் இதை அமுக்குங்கள் என்றாள்.

“அமுக்கறதுதாங்க பிரச்சனையே” என்றான் புஜம்.

அவள் பந்தை வாங்கி வைத்துவிட்டாள். “மனசு விட்டுப் பேசுங்க பிரதர். இங்க பேசுறது எதுவும் வெளிய போகாது.”

அவள் குரலில் உண்மையான கனிவு இருந்தது. அந்தக் கனிவில் அவன் உடைந்துபோனான். தூக்கத்தில் கை தானாக மனைவியின் தோளை அமுக்குவதைச் சொன்னான். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டுதான் அமுக்குகிறேன் என்றான். போகிற உயிரை நோகடிக்க மனசு வராமல், சிலருக்கு யாருக்கும் தெரியாதபடி, அமுக்குவதுபோல அமுக்காமல் விட்டிருக்கிறேன் என்றான். குழு எதிரே நின்றதால் கண்டக்டருக்கு அதைக்கூடச் செய்ய முடியவில்லை என்றான். அவருக்கு வார்த்தை கொடுத்த டாக்டரம்மாவும் கைவிட்டார், வார்த்தை கொடுத்த நானும் கைவிட்டேன் என்று சொல்லி அழுதான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே குறித்துக்கொண்டாள். முடிவில் மூச்சை இழுத்துவிடும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாள்.

தங்கச் சான்று கிடைத்தது. விழா எடுத்தார்கள். ‘உயிர்க்காவலன்’ விருது புஜத்துக்கு என்று அறிவித்தார்கள். வேண்டாம் என்று அவன் டீன் அறைக்குப் போய்ச் சொல்லிப்பார்த்தான். தன்னடக்கம் என்று அதையும் அழைப்பிதழில் சேர்த்துவிட்டார்கள்.

மேடையில் டீன் மைக்கைப் பிடித்தார்.

“இந்தச் சகோதரரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். இவர் தூக்கத்தில்கூட உயிர் காப்பதை நிறுத்துவதில்லை! கை தானாக இயங்குகிறது, மனைவியால் தூங்க முடியவில்லை. அப்படியொரு அர்ப்பணிப்பு! இவர் முயலும்போது கண்களைப் பார்த்திருக்கிறீர்களா? மூடியிருக்கும். தியானம்! அதுமட்டுமா, நோயாளிக்கு நோகக் கூடாதே என்று சிலரிடம் கையைப் பூப்போல வைப்பாராம்…”

புஜம் கூட்டத்தில் ஆலோசகரைத் தேடினான். நான்காவது வரிசையில் இருந்தாள். எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டாக்டரம்மாவும் தட்டிக்கொண்டிருந்தார், சத்தம் வராதபடி.

“இந்த விருதை வழங்கப்போவது யார் தெரியுமா? எவருக்காக அந்த மாபெரும் முயற்சி நடந்ததோ, அவருடைய துணைவியார்!”

முதல் வரிசையிலிருந்து கண்டக்டரின் மனைவியை எழுப்பினார்கள். இறப்புச் சான்றிதழ் தருகிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அவரை வரவழைத்திருந்தார்கள். இவ்வளவு நேரம் அதற்காகத்தான் வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மேடைக்கு ஏற்றி, கையில் கனமான கேடயத்தைக் கொடுத்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல எங்க சார் சீல் இருக்கு?” என்று கேட்டார். யாரோ அவரைப் புஜத்தின் பக்கம் மெதுவாகத் திருப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் அவர் அவனைப் பார்த்தார்.

“அம்மா, உங்கள் மனதில் இருப்பதை ஒரு வார்த்தை” என்று மைக் அவர் வாயருகே வந்தது.

அவர் மைக்குக்காகப் பேசவில்லை. எதிரே நின்றவனிடம், எதிரே நிற்கிறவனுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் பேசினார்.

“அவரு உங்களைத்தான் தம்பி நம்புனாரு.”

டீன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். “கேட்டீர்களா? நம்பினார்! இதைவிட ஒரு நிறுவனத்துக்கு என்ன வேண்டும்?” கைதட்டல் கூரையைப் பிளந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேடயம் எப்படியோ புஜத்தின் கைக்கு வந்திருந்தது. அந்த அம்மாவைப் படியில் பார்த்து இறக்கிவிட்டார்கள்.

அடுத்த வாரமே அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு மேல் பெரிய எழுத்தில் எழுதிவிட்டார்கள்: ‘அவர் உங்களைத்தான் நம்பினார்.’ ‘தம்பி’யை எடுத்துவிட்டார்கள், கொச்சையையும் திருத்திவிட்டார்கள். பக்கத்தில் புஜத்தின் படம். வேறு வார்டுக்கு மாற்றிவிடச் சொல்லி அவன் கேட்டுப் பார்த்தான். படத்தை மாற்றச் செலவாகும் என்று மறுத்துவிட்டார்கள். அந்த எழுத்துக்குக் கீழே நுழைந்து அவன் தினமும் வேலைக்குப் போனான். புதிதாக வருகிறவர்கள் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்து, “நீங்கதானா அது?” என்று நம்பிக்கையோடு கேட்டார்கள். அவன் ஆமாம் என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மனைவியிடம்கூடச் சொல்லாமல், விசாரித்துக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போனான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனான். கதவைத் திறந்த அம்மா அவனை உள்ளே விட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சான்றிதழ் கிடைத்துவிட்டதா என்று கேட்டான். கிடைத்துவிட்டது, பேரில் ஒரு எழுத்து தப்பு, மறுபடி அலைய வேண்டும் என்றார். எதிரே உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தம்பி, உங்களை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். டாக்டரம்மாகிட்ட கேட்டா சுத்தி வளைப்பாங்க. நீங்க சொல்லுங்க. அவருக்கு வலிச்சிருக்குமா?”

வழியெல்லாம் அடுக்கிய வார்த்தைகள் எதுவும் இதற்கு உதவவில்லை. அந்தச் சத்தம் அவன் காதில் இருந்தது. அது காற்றா வேறு ஏதாவதா என்று அவனுக்கு இன்றைக்குவரை தெரியாது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

“இல்லம்மா. சத்தியமா இல்ல. நான் கை வைக்கிறதுக்கு முன்னாடியே அவரு போயிட்டாரு. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

அந்த அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோள்கள் இறங்கின. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அப்புறம் ஏதோ உறைத்தவர்போல நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

“அப்ப எதுக்குத் தம்பி செஞ்சீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். புஜம் வாயைத் திறந்தான். வந்த வாக்கியங்கள் எல்லாம் டீனுடையவை. ஒவ்வொன்றாக விழுங்கினான். கடைசியில் விழுங்கவும் எதுவும் இல்லாமல் போயிற்று.

அந்த அம்மா காத்திருந்தார்.